சைகோனில் இருந்து தோழி வருகிறாள்: சென்னையில் நான்கு நாள், எங்கே, எப்போது, என்ன சாப்பிடலாம்?

கடற்கரைக் காற்று | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் என் தோழி சைகோனில் இருந்து சென்னைக்கு வருகிறாள். 1976-ல் இருந்து அந்த ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் ஹோ சி மின் நகரம். ஆனால் அங்கே இருப்பவர்கள் பேச்சில் இன்னும் சைகோன்தான், எனக்கும் அப்படியே வாயில் பழகிவிட்டது. இந்தியாவுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

வேலைக்காக இரண்டு வருடம் அங்கே இருந்தேன். போன முதல் வாரம் அறைக்குள்ளேயே பிரெட்டும் ஜாமும்தான் சாப்பாடு. என் அலுவலகத்தில் இருந்த இவள்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். காலையில் தெருமுனையில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்து ஒரு கிண்ணம் ஃபோ, அதாவது சூப்பில் ஊறிய நூடுல்ஸ். மதியம் கொம் தாம். கொம் தாம் என்றால் நொய் அரிசிச் சோறு. ஒரு காலத்தில் உடைந்த அரிசியை விற்க முடியாமல் ஏழைகள் பொங்கித் தின்றது. இன்றைக்கு சைகோன் என்றதும் அந்தச் சாப்பாடுதான் நினைவுக்கு வரும். "இது அம்மா சம்பள நாளில் வாங்கித் தரும் கடை", "இது பரீட்சை முடிந்து நான் வந்த கடை" என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது. அப்படித்தான் அந்த ஊர் எனக்கு ஊரானது.

இப்போது என் முறை. நான் மயிலாப்பூரில் வளர்ந்தவள். அவள் எல்லாம் சாப்பிடுவாள், மீன் என்றால் உயிர். என் அண்ணன், "வெளிநாட்டு விருந்தாளி, நல்ல ஸ்டார் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போ, வயிறு கெட்டா யார் பொறுப்பு?" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இடங்களின் பெயர் ஓரளவு எனக்கே தெரியும். எந்த நேரத்தில், எந்த வரிசையில் என்று யாராவது சொன்னால் பெரிய உதவி.


பெரிய தெரு பாலு | ஞாயிறு, இரவு 10:05

திருவல்லிக்கேணியில் 50 வருடமாக இருக்கிறேன் மகளே, அதனால் என் பேட்டையில் இருந்தே தொடங்குகிறேன்.

ரத்னா கபே. 1948-ல் ஆரம்பித்தது. நடத்தியது வடநாட்டு மதுராவில் இருந்து வந்த குடும்பம். அவர்கள் கொடுத்த சாம்பாருக்குத்தான் இந்த ஊரே அடிமை. இட்லியைத் தட்டில் வைத்து, அது மூழ்கும் வரை சாம்பார் ஊற்றுவார்கள். தீரத் தீர மறுபடி வந்து ஊற்றுவார்கள். உங்கள் தோழி சூப்பில் ஊறிய நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவர் இல்லையா? இட்லியைத் தொட்டுச் சாப்பிடுவதைவிட இப்படி ஊறியதை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவது அவருக்குச் சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன்.

மீன் உயிர் என்றால் சேப்பாக்கம் நாயர் மெஸ்தான். 1961-ல் இருந்து இருக்கிறது. ஸ்டேடியத்துக்குப் பக்கத்துச் சந்து. சோறு, மீன் குழம்பு, தவாவில் இருந்து நேராக வரும் வஞ்சிரம் வறுவல். இடம் நெருக்கம், மேசையில் அறிமுகம் இல்லாதவரோடு உட்கார வேண்டி வரும். கிரிக்கெட் மேட்ச் இருக்கும் நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டும் ஒரே பேட்டைதான். காலையில் இட்லி, பிறகு பார்த்தசாரதி கோவில், குளம், சந்துகள் என்று நடந்தால் மதியத்துக்குள் பசி தானாக வந்துவிடும்.


ஓ.எம்.ஆர். வாசி | ஞாயிறு, இரவு 11:31

எல்லோரும் அண்ணனைக் குறை சொல்வதற்குள் நான் அவர் பக்கம் பேசிவிடுகிறேன். என் வேலையில் வருடத்துக்கு நாலைந்து வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்துப் போகிறேன். நாக்குக்கு எது பிடிக்கும் என்று மட்டும் யோசித்தால் போதாது. கழிப்பறை இருக்கிறதா? கை கழுவ சோப்பு இருக்கிறதா? ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச முடியுமா? ஒரு முறை ஒரு பெண் விருந்தினரை மிகப் பிரபலமான ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். சாப்பாடு அருமை. ஆனால் பெண்கள் போவதற்கு இடமே இல்லை. அவர் அன்று மாலை வரை தண்ணீர் குடிக்காமல் தவித்தார், என்னிடம் சொல்லவும் கூச்சப்பட்டார். எனக்குத் தெரிய வந்தது மறுநாள்தான். இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஸ்டார் ஓட்டல்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு வேளை தெரு என்றால் அடுத்த வேளை குளிர்ந்த, வசதியான இடம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஊர் சுற்றிக் களைத்தவருக்கு அதுவும் உபசாரம்தான்.


இலை போட்டாச்சு | திங்கள், காலை 6:20

கழிப்பறை பற்றி ஓ.எம்.ஆர். நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் 18 வருடமாகச் சின்ன மெஸ் ஒன்று நடத்துகிறேன். கடை பெயர் வேண்டாம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மணி நேரம் கேட்டீர்கள், அதைச் சொல்கிறேன். காலை டிபன் என்றால் ஏழரைக்குள் போங்கள். இட்லி ஈடு ஒன்றன் பின் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும், எதுவும் ஆறிக் கிடக்காது. ஒன்பதரைக்கு மேல் வடை ஆறியிருக்கும், சட்னிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியிருப்பார்கள். மதியச் சாப்பாடு 12 மணி முதல் பந்தி. அப்போதுதான் சர்வர்கள் முகத்தில் சிரிப்பு இருக்கும், கூட்டு பொரியல் எல்லாம் முழுசாக இருக்கும். ஒன்றரைக்கு வந்தால் ரசம் அடிமண்டியாக வரும், பின்னால் ஒருவர் உங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வயிறு கெடாமல் இருக்கவும் இதே கணக்குதான். கூட்டம் அதிகம் உள்ள கடையில், அடுப்பில் இருந்து இறக்கியதை உடனே சாப்பிட்டால் பயம் குறைவு. பெரிய ஓட்டல் பஃபேயில் மூன்று மணி நேரம் வெதுவெதுப்பாக நிற்கும் பாத்திரத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இலைச் சாப்பாடு. கையால் சாப்பிடத் தெரியாதவருக்கு முதலில் ரசம் சாதம் வைக்காதீர்கள், இலையில் ஓடும், அவர் வெட்கப்பட்டுவிடுவார். ரசத்தை டம்ளரில் வாங்கிக் கொடுங்கள், சூப் போலக் குடிக்கட்டும். பருப்பும் நெய்யும் பிசைந்த சோறுதான் கைக்கு அடங்கும், அதில் இருந்து பழகட்டும். அப்புறம் முக்கியமானது, சர்வரிடம் முதலிலேயே "கொஞ்சம் கொஞ்சமா வைங்க" என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் கேட்காமலே மறுபடி போடுவோம், அது எங்கள் பழக்கம். வேண்டாம் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டோம். இலைக்கு மேல் கையை விரித்து மறைக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.


மீகோங் தமிழன் | திங்கள், பகல் 1:48

சைகோனில் ஏழு வருடம் இருந்து போன வருடம்தான் திருச்சி திரும்பினேன். இந்த இழையைப் பார்த்ததும் அலுவலக வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுதுகிறேன்.

காரம். அவர்கள் காரம் தாங்குவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். அங்கே மிளகாய் பச்சையாக, துண்டுகளாக, தனித் தட்டில் வரும். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். நம் ஊரில் மிளகாய்த்தூள் குழம்போடு கொதித்து, எண்ணெயில் இறங்கி, பிரிக்கவே முடியாமல் இருக்கும். "குறைவாகப் போடுங்கள்" என்று கடைசியில் கேட்டுப் பயன் இல்லை. கறி அவருக்குப் புதிது இல்லை. கா ரி என்றே அங்கே பெயர், நம் 'கறி' போய்ச் சேர்ந்ததுதான். ஆனால் அது தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்டு இனிப்பாக இருக்கும், ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். அதே நினைப்போடு நம் கோழிக் குழம்பில் கை வைத்தால் திடுக்கிட்டுப் போவார்.

மீன். நூக் மாம் என்பது நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் மாதக் கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு. அதில் வளர்ந்த மூக்குக்கு நம் கருவாட்டு வாசனை வீட்டு வாசனையாக இருக்கும். வெளிநாட்டவர் ஆயிற்றே என்று கருவாட்டை ஒளிக்காதீர்கள்.

காபி. அவர்கள் ஊர் ஃபின் வடிகட்டியும் நம் பித்தளை ஃபில்டரும் சொந்தக்காரர்கள் மாதிரி. சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷன் இரண்டுக்கும் பொது. அங்கே ரோபஸ்டா, கெட்டிப்பால், ஐஸ். இங்கே பீபரி, பிளாண்டேஷன், கொஞ்சம் சிக்கரி, கொதிக்கும் பால். வீட்டில் ஃபில்டரைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. அவர் குடும்பம் பௌத்தம் என்றால் சந்திர மாதத்தின் முதல் தேதியும் 15-ம் தேதியும் சைவம் சாப்பிடும் வழக்கம் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமிக் கணக்குதான். வரும் வாரத்தில் அமாவாசை விழுகிறதா என்று காலண்டரைப் பாருங்கள், அவரிடமும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் மீன் கடைக்குக் கூட்டிப் போனால், அவர் மறுக்காமல் உங்களுக்காகச் சாப்பிட்டுவிடுவார். அவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

சைகோன் மாரியம்மன் கோவிலில் இன்றைக்குச் சாமி கும்பிடுகிறவர்களில் அதிகம் பேர் வியட்நாமியர்கள். அந்தக் கோவிலையும் அங்குள்ள தண்டாயுதபாணி கோவிலையும் கட்டியவர்கள் தமிழர்கள், தண்டாயுதபாணி நகரத்தார் எழுப்பியது. உங்கள் தோழி மாரியம்மனை ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடும்.


வெள்ளைக் கோட்டு | திங்கள், மாலை 5:02

செவிலியராக வேலை செய்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் பெரியவர்கள் நிறையப் பேருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் எளிதில் செரிக்காது. காபி, ரோஸ்மில்க், பால்கோவா, பாயசம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு அப்புறம் தண்ணீரின் மேல் பழி போடாதீர்கள். தயிரும் மோரும் பாலைவிட எளிதாகச் செரிக்கும். முதல் நாள் இரவு இட்லி மட்டும். எண்ணெய்ப் பண்டம் இரண்டாம் நாளில் இருந்து. தண்ணீர் மூடி திறக்காத பாட்டில் அல்லது வீட்டில் கொதிக்க வைத்தது. பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு இருக்கட்டும். அவ்வளவுதான், பயந்து பயந்து சாப்பிட வேண்டியதில்லை.


ரெண்டாம் லைன் | திங்கள், இரவு 8:40

யாருமே அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ் பற்றிச் சொல்லவில்லையே!

என் தாத்தா ரங்கூனில் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது, அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் கடைகளையும் வியாபாரத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1969-ல் பர்மா பஜார். பாட்டி எதையும் கொண்டுவர முடியவில்லை, சமையல் மட்டும் கையோடு வந்தது. பீச் ஸ்டேஷன் எதிரே, இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் சாயங்காலம் வரிசையாக வண்டிகள் நிற்கும். அங்கே விற்பது அதே சமையல்தான்.

தடித்த நூடுல்ஸ், ஆரஞ்சு நிறம். அதில் மெல்லிசாகச் சீவிய கோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை. பேஜோ என்று ஒரு மொறுமொறு தட்டை, அதை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். நூடுல்ஸையே அந்த சூப்பில் போட்டால் மொய்ங்கா. பர்மாவில் அதை மீன் போட்டுத்தான் வைப்பார்கள், இங்கே நிறைய வண்டிகளில் மீன் இல்லாமல். அவித்த முட்டையைப் பிளந்து, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருவது தனி.

மிளகாய்த்தூள் கடைசியில்தான் விழும். அதனால் மீகோங் நண்பர் சொன்ன காரப் பிரச்சினை இங்கே இல்லை, "காரம் கம்மி" என்றால் கம்மிதான். இன்னொன்றும் இருக்கிறது. பர்மாவில் இருந்து மட்டும் இல்லை, 1975-க்குப் பிறகு வியட்நாமில் இருந்தும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே திரும்பி வந்தன. உங்கள் தோழி ஊரில் இருந்து கிளம்பிய தமிழர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்பதை அந்த வண்டி பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

கழிப்பறை வசதி அங்கே கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்னேற்பாடாகப் போங்கள்.


மின்ட் தெரு | திங்கள், இரவு 9:15

அத்தோவுக்குப் போகிறவர்கள் அப்படியே ஒரு ஆட்டோ பிடித்தால் சௌகார்பேட்டை. மின்ட் தெரு காக்கடா ராம்பிரசாத்தில் சுடச்சுட நெய் ஜிலேபி, பாதாம் பால். முறுக்கு சாண்ட்விச் கடைகளும் அந்தப் பக்கம்தான். பிரெட்டுக்குப் பதில் முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி.


இலை போட்டாச்சு | திங்கள், இரவு 9:50

மின்ட் தெரு தம்பி, கடை நல்ல கடைதான். ஆனால் ஒரே சாயங்காலத்தில் அத்தோ, முட்டை, ஜிலேபி, பாதாம் பால் எல்லாம் என்றால் எதுவும் நினைவில் நிற்காது. ஒரு வேளைக்கு ஒரு இடம். மிச்சம் அடுத்த தடவைக்கு. விருந்தாளி திரும்பி வர ஒரு காரணம் வேண்டும்.


கச்சேரி ரசிகை | செவ்வாய், காலை 7:30

டிசம்பர் கடைசி வாரம் வருகிறவரை சபா கேண்டீனுக்கு அழைத்துப் போகவில்லை என்றால் எனக்கு மனசு ஆறாது. மியூசிக் அகாடமியோ நாரத கான சபாவோ, கச்சேரிக்கு டிக்கெட் இல்லாமலேயே கேண்டீனுக்குப் போகலாம். வருடத்தில் சில வாரம்தான் இது. மாஸ்டர்கள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுச் சமைக்கும் காலம். மதியம் இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் இருக்கும். மூன்றரை மணி டிபன் நேரம் பேச வசதியாக இருக்கும். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து வாழைப்பூ வடை சாப்பிட்டுக்கொண்டே பக்கத்து மேசைக்காரர்கள் காலைக் கச்சேரியின் தோடி ஆலாபனையை விவாதிப்பதைக் கேட்கலாம். கழிப்பறை உண்டு, நாற்காலி உண்டு. ஓ.எம்.ஆர். நண்பரும் ஒப்புக்கொள்வார்.


ஓ.எம்.ஆர். வாசி | செவ்வாய், காலை 8:11

முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேளையாவது ஏசி அறை, என் கருத்தில் மாற்றம் இல்லை.


கடற்கரைக் காற்று | செவ்வாய், இரவு 10:02

கண் கலங்கிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. மீகோங் அண்ணா சொன்னதைத் தோழியிடம் கேட்டேன். அவள் பாட்டியோடு வளர்ந்தவள். சந்திர மாதக் கடைசி நாளும் முதல் தேதியும் சைவம்தான், "ஆனால் பயணத்தில் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறாள். காலண்டரைப் பார்த்தால் அவள் இருக்கும் கடைசி நாள் நமக்கு அமாவாசை! அன்று எங்கள் வீட்டிலும் மீன், முட்டை கிடையாது. அந்த நாள் சாப்பாடு அம்மா கையால் வீட்டில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மற்றதைப் போய்வந்து எழுதுகிறேன்.


கடற்கரைக் காற்று | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 10:20

போன வாரம் அவளை விமானம் ஏற்றிவிட்டேன். சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

வந்த அன்று இரவு வீட்டில் இட்லி, நல்லெண்ணெய் குழைத்த பொடி. இரண்டு இட்லியோடு தூங்கப் போய்விட்டாள். மறுநாள் ஏழு மணிக்குக் கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில் ராயர் மெஸ். சின்ன இடம், வெளியே காத்திருந்தோம். கெட்டிச் சட்னியை அவள் விரலால் தொட்டு நக்கிவிட்டு, கருவேப்பிலையைத் தூக்கிக் காட்டி, "இதைத் தின்ன வேண்டுமா, ஒதுக்க வேண்டுமா?" என்று கேட்டாள். ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகளோடு சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு, இலையை ஒதுக்குவது புரியவே இல்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டாள். பொங்கல் வந்ததும் "சாவ்!" என்றாள். அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்த கஞ்சி அவர்களிடமும் இருக்கிறது, உடம்பு சரியில்லாதபோது பாட்டி வைத்துத் தருவாராம். நாம் குழந்தைகளாக இருந்தபோது பொறுக்கி எடுத்து ஓரம் வைப்போமே மிளகு, அதை ஒவ்வொன்றாகத் தேடிக் கடித்தாள். அவள் அம்மாவின் ஊர் ஃபூ குவோக் தீவு. மிளகுக்கும் நூக் மாமுக்கும் பெயர் போன இடம்.

கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க்கை இரண்டு பேரும் ஒரே டம்ளரில் பகிர்ந்துகொண்டோம், செவிலியர் அக்கா சொன்னது நினைவில் இருந்ததால். பள்ளி விட்டு வரும்போது அப்பா வாங்கித் தருவார் என்று சொன்னேன். சைகோனில் அவள் என்னிடம் சொன்ன கதைகளுக்கு நான் திருப்பிச் சொன்ன முதல் கதை அது. மதியம் ஓ.எம்.ஆர். அண்ணா சொன்னபடி குளிர்ந்த ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்தோம். ரவா தோசை ஊற்றும் மேடை கண்ணாடி வழியாகத் தெரியும். மாவு கல்லில் விழுந்து 'சொய்ங்' என்றதும் அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்து ஊற்றும் பான் செயோ என்று ஒன்று அவர்களிடம் உண்டு. செயோ என்பது அந்தச் சத்தத்துக்கே பெயர். "உங்கள் ஊரிலும் சத்தம் ஒன்றுதான்" என்றாள். சாப்பாட்டைவிட அங்கே இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் பேசியதுதான் எனக்கு நிற்கிறது. ஓ.எம்.ஆர். அண்ணாவுக்கு அதற்காகத் தனி நன்றி.

இரண்டாம் நாள் திருவல்லிக்கேணி. பாலு ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. சாம்பார் இட்லியை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, சர்வர் மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள். நாயர் மெஸ்ஸில் வஞ்சிரம் நன்றாகவே பிடித்தது. குழம்பு காரம் அதிகமாகி மூக்கும் கண்ணும் ஒழுகியது. சோறு நிறைய, குழம்பு கொஞ்சம் என்று பிசைந்து கொடுத்தேன், சமாளித்தாள். மிளகாயைத் தனியாகத் தர மாட்டார்களா என்று கேட்டாள். மீகோங் அண்ணா எழுதியதை அப்படியே விளக்கினேன்.

மூன்றாம் நாள் மதியம் நாரத கான சபா கேண்டீன். கச்சேரி ரசிகை அக்கா, வாழைப்பூ வடை அவளுக்குப் பெரிய சந்தோஷம். அவர்கள் வாழைப்பூவைச் சீவி சாலட் செய்வார்கள், வடையாகத் தட்டலாம் என்று தெரியாது என்றாள்.

அன்று சாயங்காலம்தான் அத்தோ. ஆறரை மணி, பீச் ஸ்டேஷன் எதிரே. வண்டிக்காரர் கையால் பிசைவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. முக்காலி, ஆவி, தெருவிளக்கு, பக்கத்தில் நின்று அவசரமாகச் சாப்பிடும் ஆபீஸ் ஆட்கள். அவள் ஊரில் எனக்குக் காட்டிய அதே காட்சி. காரம் கம்மியாக வாங்கி, எலுமிச்சையை இன்னும் கொஞ்சம் பிழியச் சொன்னாள். ரெண்டாம் லைன் நண்பர் எழுதியதை, பர்மாவில் இருந்து கப்பலில் வந்தவர்களை, 1975-க்குப் பிறகு சைகோனில் இருந்து வந்தவர்களை, எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவள் பாட்டி கதையைச் சொன்னாள். எனக்கு இரண்டு வருடமாகத் தெரியாத கதை. பாட்டி வடக்கே ஹனோய்க்காரர். 1954-ல் நாடு பிரிந்தபோது தெற்கே வந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். சைகோனில் ஃபோ பரவியதே அப்படி வந்தவர்களால்தானாம். முதல் வருடங்களில் பாட்டி தெருவில் பானை வைத்து ஃபோ விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். "நான் உன்னை முதல் நாள் அழைத்துப் போன கடை இருக்கிறதே, பாட்டி பானை வைத்த இடம் அதுதான்" என்றாள். அந்த முக்காலியில் எத்தனை காலை உட்கார்ந்திருப்பேன்!

நாலாம் நாள் அமாவாசை. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு அண்ணன் வர மணி 12. காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் நமக்கு இலை என்று அம்மா சைகையால் சொன்னார், அவளும் கூடவே மொட்டை மாடிக்குப் போய் நின்றாள். வாழைக்காய் பொரியல், பூசணிக்கூட்டு, சாம்பார், ரசம், பாயசம், வடை. இலை நுனி இடது பக்கம் என்று சொல்லிக் கொடுத்தேன். உட்கார்ந்ததும் அவள் சாப்பிடவில்லை. அம்மாவைப் பார்த்து, அண்ணனைப் பார்த்து, ஒவ்வொருவரையும் அவர்கள் மொழியில் சாப்பிட அழைத்துவிட்டுத்தான் இலையில் கை வைத்தாள். பாட்டி வீட்டுப் பழக்கம். அம்மாவுக்கு ஒரு சொல் புரியவில்லை, ஆனால் "இந்தப் பொண்ணை யாரு பெத்தாளோ!" என்று சொல்லி இரண்டாவது வடையை வைத்தார். ரசம் டம்ளரில். பருப்புச் சோறு கைக்கு அடங்கியது. தயிர் சாதம் மட்டும் ஏறவில்லை. அங்கே தயிர் இனிப்பாகத்தான் இருக்கும், உப்புப் போட்ட தயிர் அவளுக்குப் புரியவில்லை. அம்மா பேசாமல் எழுந்து போய் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா இருந்தவரை அவரும் அப்படித்தான் சாப்பிடுவார்.

வயிறு ஒரு நாளும் கெடவில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பித்தளை ஃபில்டர் ஒன்றும் நெத்திலிக் கருவாடும் கொண்டு போனாள். கருவாட்டை அவளே காசிமேட்டில் மோந்து பார்த்து, பேரம் பேசி வாங்கினாள்.


மீகோங் தமிழன் | சனி, பகல் 12:15

படித்து முடித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் சகோதரி. ஃபில்டருக்கு நம் பொடியும் கொடுத்தனுப்பினீர்களா? அங்கே கிடைக்கும் ரோபஸ்டா தனியாகப் போட்டால் கசக்கும். பால் காய்ச்சாமல் கெட்டிப்பால் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நான் அங்கே ஏழு வருடம் அப்படித்தான் குடித்தேன்.


கடற்கரைக் காற்று | சனி, பகல் 12:40

அரைக் கிலோ பீபரி கலவை கொடுத்தேன் அண்ணா. நேற்று அனுப்பிய படத்தில் ஃபில்டருக்குப் பக்கத்தில் கெட்டிப்பால் டப்பாதான் இருக்கிறது.


பெரிய தெரு பாலு | சனி, மாலை 4:30

ரெண்டாம் லைன் தம்பி, இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் அத்தோ சாப்பிட்டதில்லை. நாளைக்குப் பேரனோடு போகிறேன். எத்தனை மணிக்கு வர வேண்டும்?


ரெண்டாம் லைன் | சனி, மாலை 4:52

ஆறரைக்கு வந்துவிடுங்கள் ஐயா, தாமதித்தால் வாழைத்தண்டு சூப் தீர்ந்துவிடும். ஸ்டேஷன் வாசலில் நான் நிற்கிறேன்.